17 பின்னும் நிற்காத கொண்டையும்

முதல் தடவை என் கொண்டை அவிழ்ந்தது பள்ளி ஆண்டு விழா மேடையில். எட்டாம் வகுப்பு. குழு நடனத்தில் இரண்டாவது சுழற்சிக்கே ஒரு பின் பறந்துபோய்ப் பக்கத்தில் ஆடியவளின் காலடியில் விழுந்தது. மூன்றாவது சுழற்சியில் கொண்டை கழுத்துக்கு இறங்கிவிட்டது. பாட்டு முடியும்போது முடி மொத்தமும் முகத்தில். அப்புறம் மேடையைத் துழாவியதில் 11 பின்கள் கிடைத்தன. மீதி 6 என் தலையிலேயே, எதையும் பிடிக்காமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கக் காரணம் அக்காதான். அன்று காலை எனக்குத் தலை வாரிவிட்டவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே செருகினாள். "17 போட்டிருக்கேன்டி, இனிமே புயலடிச்சாலும் அசையாது."

"உனக்கென்ன, பட்டு மாதிரி முடி" என்று தொட்டுப் பார்த்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பட்டுதான். பட்டு நூலில் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்சம் அசந்தால் முடிச்சு தானாக நெகிழ்ந்துவிடும். காலையில் போட்ட பின்னல் மதியத்துக்குள் பாதி அவிழ்ந்திருக்கும். குதிரைவால் அரை மணிக்கு ஒருமுறை ஒரு விரலளவு கீழே இறங்கும். காதோரத்தில் மாட்டிய கிளிப் எங்கே விழுந்தது என்றே தெரியாது. ஒவ்வொரு முறையும் நான் செய்தது ஒன்றுதான்: இன்னொரு பின், இன்னும் கொஞ்சம் இறுக்கம். கிட்டத்தட்ட 15 வருடம் இப்படியே ஓடியது. இரண்டுமே தப்பு என்று புரிந்தது அதற்கப்புறம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மெல்லிய முடி வேறு, அடர்த்தி குறைந்த முடி வேறு. ஒவ்வொரு இழையும் எவ்வளவு தடிமன் என்பது ஒரு கணக்கு. தலையில் எத்தனை இழை இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு. எனக்கு இழைகள் நிறைய, ஆனால் ஒவ்வொன்றும் சிலந்தி நூல் மாதிரி. அடர்த்தி இருக்கிறதே, அப்புறம் ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சீப்பில் மாட்டிய ஒரே ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். தடித்த முடி என்றால் விரலுக்குத் தெரியும். என் முடி தெரியவே தெரியாது.

தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரானுக்குள் இருக்கும். பாதிதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஒரு இழையை வளைக்கத் தேவைப்படும் விசை அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்து மாறுகிறது. விட்டம் பாதியானால் விறைப்பு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. தடித்த முடி பின்னுக்குள் போனதும் விறைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கும். மெல்லிய முடி வழிவிட்டு வளைந்து கொடுத்துவிடும்.

அப்புறம் வழுக்கல். முடியின் மேற்புறத்தில் கூரை ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. எல்லாமே வேரிலிருந்து நுனியைப் பார்த்துச் சாய்ந்தவை. அதன்மேல் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் வேறு. முடியை வேரிலிருந்து நுனிக்கு உருவினால் சறுக்கும், நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகச் சொரசொரக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், ரப்பர் பேண்டு எந்தத் திசையில் கழன்று போகிறது? வேரிலிருந்து நுனிக்கு. அதற்கு வழுக்குப்பாதையை முடியே போட்டுக் கொடுத்திருக்கிறது. கலர் அடித்த முடியும் ப்ளீச் செய்த முடியும் பின்னில் நன்றாக நிற்பதற்குக் காரணம் அந்தக் கொழுப்புப் படலம் போய், செதிலும் கொஞ்சம் கிளம்பியிருப்பதுதான். கொண்டை நிற்கவேண்டும் என்பதற்காக முடியைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. "கலர் பண்ணினதிலேர்ந்து எனக்கு நல்லா நிக்குது" என்று தோழி சொல்லும்போது பொறாமைப்படாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

முடி வெட்டப் போன இடத்தில் ஒருநாள், அங்கே வேலை செய்த பெண் என் தலையிலிருந்து பின்னை உருவிக்கொண்டே சிரித்தார். "மேடம், இத்தனை வருஷமாத் தலைகீழாப் போட்டுட்டிருக்கீங்க." ஸ்லைடு பின்னில் ஒரு கால் நேராக இருக்கும், இன்னொன்று நெளிநெளியாக இருக்கும். நெளிந்த கால் பார்க்க அழகாக இருப்பதால் அது மேலே தெரியவேண்டும் என்று நானாக முடிவு செய்துவைத்திருந்தேன். அது தலைத்தோலைப் பார்த்து, அடியில் போக வேண்டும். முடியைப் பிடிப்பது அந்த நெளிவுதான். அவர் இன்னொன்றும் சொன்னார்: பின்னைச் செருகும் முன் பல்லால் கடித்து விரிக்காதீர்கள். ஒருமுறை அகலமாக விரிந்த பின் பழைய அழுத்தத்துக்குத் திரும்பாது. என் டப்பாவில் இருந்த பாதிப் பின்கள் வாய் பிளந்தவை. அன்றைக்கே தூக்கிப் போட்டேன். இது ஒன்றை மாற்றியதிலேயே பாதித் தொல்லை குறைந்தது.

மீதிப் பாதி குறைந்தது வேறொரு நாள், கண்ணாடி முன்னால். கொண்டையிலிருந்து நழுவிக்கொண்டிருந்த ஒரு பின்னை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். அது கொண்டையின் சில இழைகளைப் பிடித்திருந்தது. மறுகால் பக்கம் ஒன்றுமே இல்லை. சுவரில் ஆணி அடிப்பது மாதிரி, பின் தலையில் போய்ப் பதிந்து நிற்கிறது என்றுதான் மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன் போல. தலைக்குள் எங்கே பதியும்? பின் முடியை முடியோடுதான் சேர்த்துப் பிடிக்கிறது. கொண்டையில் இருக்கும் வழுக்கும் முடியை, தலையோடு ஒட்டிய வழுக்கும் முடியோடு சேர்த்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். 17 இல்லை, 70 போட்டாலும் இதே கதைதான். பின் கடித்துப் பிடிக்க அடியில் அசையாத ஒன்று வேண்டும்.

அந்த அசையாத ஒன்றை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். நான் அதை முளை என்று சொல்வேன், மாட்டைக் கட்டுகிற முளை மாதிரி. கொண்டை எங்கே வரவேண்டுமோ அந்த இடத்துக்கு அடியில், ஒரு விரல் அகலத்துக்கு முடியைப் பிரித்து எடுத்து, தலையை ஒட்டி நாலைந்து முறை பின்னி, சின்ன ரப்பரால் முடிந்து, அதையே வட்டமாகச் சுருட்டித் தட்டையாகப் படுக்க வைத்து, இரண்டு ஸ்லைடை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டுவிடுவேன். பெருக்கல் குறி மாதிரி. நழுவப் பார்க்கும் பின்னை மற்றது தடுக்கும். பின்னலில் மேடும் பள்ளமும் இருப்பதால் பின்னுக்கு அங்கே கடிக்க இடம் கிடைக்கிறது. அதன்மேல் கொண்டையைச் சுற்றி, எந்தப் பின் செருகினாலும் அதன் நுனி இந்த முளைக்குள் போய் முடிவது மாதிரி பார்த்துக்கொண்டால் போதும். வெளியே ஒன்றும் தெரியாது. குதிரைவால் போட்டு அதைக் கொண்டையாகச் சுற்றுகிறீர்கள் என்றால் தனி முளை வேண்டாம், அடி ரப்பரே முளை. பின்கள் அந்த ரப்பருக்கு அடியில் போய்ச் சிக்கவேண்டும்.

இனி சொரசொரப்பு. ஈரத்தலையில் வேரிலிருந்து நுனிவரை கண்டிஷனர் பூசிவிட்டு, காய்ந்ததும் "ஐயோ நிக்கலையே" என்று புலம்பிய ஆள் நான். கண்டிஷனரின் வேலையே செதிலைப் படியவைத்து உரசலைக் குறைப்பதுதான். சிலிக்கோன் சேர்ந்தது என்றால் கேட்கவே வேண்டாம். கொண்டை போடும் நாளில் நுனி ஒரு சாண் மட்டும் தடவுவேன், வேர்ப்பக்கம் கிட்டேகூடப் போகமாட்டேன். சீரம், எண்ணெய் இரண்டுக்கும் அன்று விடுமுறை.

தலை குளித்த மறுநாள்தான் முடி நன்றாக நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. மெல்லிய முடியில் எண்ணெய்ப்பசை சீக்கிரம் இறங்கிவிடுகிறது. மறுநாள் மதியத்துக்குள் என் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு இன்னும் வழுக்கும். அதனால் முந்தின நாள் சாயங்காலம் குளித்து, முழுக்கக் காயவிட்டு, காலையில் ட்ரை ஷாம்பு போடுகிறேன். அதில் இருக்கும் மாவுச்சத்து எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு இழைகளுக்கு நடுவே துகள்களாக உட்கார்ந்துவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மேற்பரப்பில் இல்லாமல் முடியைப் பகுதி பகுதியாகத் தூக்கி வேரில் அடித்து, இரண்டு நிமிடம் விட்டு, விரலால் கசக்கிவிட வேண்டும். அடித்ததும் சீவினால் எல்லாம் கொட்டிப் போகும். ட்ரை ஷாம்பு கிடைக்காத காலத்தில் முகப் பவுடரைத் தலையில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். பிடித்தது என்னவோ உண்மை. நாள் முழுக்க தோளில் உதிர்ந்துகொண்டிருந்தது, சகப் பணியாளர் ஒருவர் அக்கறையாகப் பொடுகு மருந்து சொன்னார்.

ஹேர் ஸ்ப்ரேயை நான் பயன்படுத்திய விதமும் தலைகீழ்தான். எல்லாம் முடிந்தபிறகு மேலே ஒரு பூச்சு. அந்த நேரத்தில் அது வெளி அடுக்கை மட்டும்தான் தொடும். ஸ்ப்ரே காயும்போது அதிலுள்ள பிசின், இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் சின்னச் சின்னப் பற்றுவைத்த மாதிரி ஒட்டுகிறது. உள்ளே பிடிப்பு வேண்டும் என்றால் உள்ளேயே அடிக்க வேண்டும்: பின்னல் போடுவதற்கு முன், சுற்றுவதற்கு முன், ஒவ்வொரு கற்றைக்கும் லேசாக. பின்களுக்கும் அப்படியே. ஒரு காகிதத்தில் பரப்பி, ஸ்ப்ரே அடித்து, காயவைத்து எடுத்துச் செருகினால் வழவழப்பான பின்னும் கொஞ்சம் பிசுபிசுத்துப் பிடிக்கும். செலவில்லாத வேலை, ஆனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சீப்பை நுனியிலிருந்து வேருக்கு ஓட்டி முடியைக் கலைத்துவிடுவது இன்னொரு வழி. செதிலுக்கு எதிர்த்திசையில் சீவுவதால்தான் அது வேலை செய்கிறது, முடியை உடைப்பதும் அதே காரணத்தால்தான். தலை முழுக்கச் செய்யவே மாட்டேன். முளைக்கு எடுக்கும் கற்றையின் வேரில் மூன்று தடவை, பின்னல் முடியும் இடத்தில் ரப்பருக்குச் சற்று மேலே இரண்டு தடவை. அந்தக் கடைசி இரண்டு தடவைதான் பின்னலின் வாலில் ரப்பர் உருவிக்கொண்டு போகாமல் காக்கிறது.

குதிரைவாலுக்கு ஒரு யோசனை போதும்: மொத்த முடியையும் ஒரே ரப்பரில் கட்டாதீர்கள். மேல் பாதியை முதலில் தனியாகக் கட்டி, கீழ்ப் பாதியை அதோடு சேர்த்து அதே இடத்தில் இரண்டாவது ரப்பரால் கட்டினால் எடை பிரிந்துவிடும். பளபளக்கும் சாட்டின் துணி சுற்றிய பேண்டுகள் முடிக்கு மென்மைதான், ஆனால் எனக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வெல்வெட் தாங்குகிறது. நெற்றியோரத்துக்கு மாட்டும் டிக்டாக் கிளிப்பின் உள்பக்கத்தில்கூட ஒரு நூலளவு வெல்வெட் ஒட்டிவைத்திருக்கிறேன். கிளட்ச் கிளிப் வாங்கும்போது உள்ளே இரண்டாவது வரிசைப் பல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் அழகுக்குத்தான்.

பின்னல் என்றால் முடி லேசான ஈரமாக இருக்கும்போது போடுவது நல்லது. சொட்டச் சொட்ட ஈரத்தில் வேண்டாம். நனைந்த முடி அதிகமாக நீளும், சுலபமாக அறும். லேசான ஈரம் காயும்போது முடி அந்த வளைவிலேயே படிந்துகொள்கிறது. சூடாக்கிச் சுருள் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்: சுருளை இரும்பிலிருந்து எடுத்ததும் தொங்கவிடாமல், வட்டமாகவே சுருட்டிக் கிளிப் போட்டு முழுக்க ஆறவிட்டால்தான் நிற்கும். நான் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. காற்றில் ஈரம் அதிகமான நாளில் என்ன செய்தாலும் சுருள் இறங்கிவிடும், அன்று சுருளுக்கு ஆசைப்படாமல் பின்னலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வருடம் அக்கா மகளுக்கு மேடை நடனம். என் முடியேதான் அவளுக்கும் வாய்த்திருக்கிறது, பாவம். "பெரிய கொண்டைதான் போடணுமாம் சித்தி, டீச்சர் சொல்லிட்டாங்க. எனக்கு நிக்கவே நிக்காது" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். அக்கா பின் டப்பாவோடு பக்கத்தில் தயாராக இருந்தாள். டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தேன்.

கிளிப்பெல்லாம் இல்லாமல் குதிரைவால் போட்டு, அந்த வாலைப் பின்னி, அந்தப் பின்னலை அடி ரப்பரைச் சுற்றிச் சுற்றினேன். வெறும் முடியைச் சுற்றுவதைவிடப் பின்னலைச் சுற்றுவது நிற்கும், பின்னுக்குப் பிடிக்க வரப்பு இருக்கிறது. எத்தனை சுற்று என்பதும் முக்கியம். படகைக் கட்டும்போது கயிற்றைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுகிறார்களே, அதே கணக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி கூடுவதில்லை, பெருகுகிறது. அதனால் அகலமாக ஒரு சுற்றைவிட, ரப்பரை ஒட்டி நெருக்கமாக மூன்று சுற்று. அதற்கப்புறம் கொண்டை ஊசி. மலைப்பாதை வளைவுக்கே பேர் கொடுத்த ஊசி, ஆனால் அதைச் செருகத் தெரிந்தவர்கள் குறைவு. நேராக உள்ளே குத்தினால் வந்த வழியே வெளியே வரும். முதலில் ஊசி முனை வெளியே, கொண்டையை விட்டு விலகிய திசையைப் பார்க்கும்படி வைத்து, கொண்டையின் ஓரத்தில் கொஞ்சம் முடியைக் கோத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஊசியை அப்படியே மறுபக்கம் புரட்டி, தலையை ஒட்டிப் படுத்தவாக்கில் நடு ரப்பரைப் பார்த்துத் தள்ள வேண்டும். புரட்டும்போது முடி இறுகிக்கொள்ளும். நான்கு திசைக்கு நான்கு ஊசி. முன்முடி எழும்பாமல் இருக்கக் காதோரத்தில் இரண்டு ஸ்லைடு குறுக்காக. மொத்தம் ஆறு.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. கை டப்பாவை நோக்கி மறுபடி போனது.

"வலிக்குதாடி?" என்று பிள்ளையைக் கேட்டேன். இல்லை என்றாள். அதுதான் எனக்குச் சோதனை. ஊசி தலைத்தோலைக் குத்தினால் தப்பான இடத்தில் போயிருக்கிறது என்று பொருள்; நெற்றி இழுத்துக்கொண்டு வலித்தால் இறுக்கம் அதிகம். இதை எழுதும்போது என் கை தானாக நெற்றிப்பொட்டுக்குப் போகிறது. இருபதுகளில் தினமும் இழுத்துக் கட்டியதில் அங்கே முடி மெலிந்துபோனது, இன்றுவரை பழையபடி வரவில்லை. தொடர்ந்து இழுபட்டால் வேர் பலவீனமாகி உதிரும். ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் திரும்ப வளரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வராமலே போகலாம். மெல்லிய முடிக்காரர்கள்தான் பிடிப்பில்லை என்று அதிகம் இறுக்குகிறோம். இப்போது நான் கட்டும் உயரத்தையும் வகிட்டையும் அடிக்கடி மாற்றிக்கொள்கிறேன், தூங்கும்போது தளர்த்திவிடுகிறேன்.

கடைசி வரிசை இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லப்போனால் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கொண்டையை மட்டும்தான் பார்த்தேன். முதல் சுழற்சி. இரண்டாவது. மூன்றாவதில் பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது காதோரம் ஒரு மெல்லிய கற்றை மட்டும் விடுபட்டு ஆடியது. கொண்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

இரவு அவளைத் தரையில் உட்கார வைத்துப் பிரித்தேன். பிரிப்பதிலும் அவசரம் கூடாது. ஊசிகளைச் செருகிய வழியே திருப்பி எடுத்து, சின்ன ரப்பரை உருவாமல் கத்தரியால் வெட்டி, ஸ்ப்ரே அடித்த முடியைச் சீவாமல் முதலில் விரலால் பிரித்து, அப்புறம் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே சீப்பைக் கொண்டுபோக வேண்டும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பழைய பழக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்துதான் வந்தது. ஆறாவதைத் தலை முழுக்கத் தடவியும் காணவில்லை. மறுநாள் காலை குளிக்கும்போது அது பிள்ளையின் பிடரியிலிருந்து உள்ளங்கைக்குள் நழுவி விழுந்திருக்கிறது. ஈரக் கையோடு கொண்டுவந்து காட்டினாள்.